தேயாத பிரேக்

"...பிரேக் லைனிங்கு நாலு வருசமாப் புதுசாட்டவே கெடக்குது, அதுல என்னத்தைங்க பாய் பாக்கப் போறீங்க? ஹார்னை மட்டும் பாத்துக் குடுங்க. மத்தியானம் புள்ளையச் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டு எறங்கோணும்" என்றார் எஸ்டேட் ஜீப் டிரைவர்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. ஏற்காடு கடைவீதியில் என் பட்டறை. பத்து நாளாக மழை, மூடுபனி. அவர் மகளுக்குத் தலைப்பிரசவம்; அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை முந்தின நாளே கீழே போய் இடம் பார்த்து வைத்திருந்தார்.

ஹார்னில் ஒரு ஒயர்தான் விட்டிருந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவர் சொன்ன 'நாலு வருசம்' என்னை விடவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்குகிற மனுஷர் அவர். வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக், அதற்கு மேல் சக்கரத்துக்கு ஒரு கல். "அவரு பிரேக்கை மிதிக்க மாட்டாருங்க, பூசை பண்ணுவாரு" என்று கடைவீதியே சொல்லும். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

"ஒரே ஒருக்கா மிதிச்சுக் காட்டுங்கண்ணே" என்று நானும் ஏறிக்கொண்டேன். ஏரிக்கரையில், சமமான ரோட்டில், மிதித்தார். ஜீப் நேராக நிற்கவில்லை. வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, சோளக்கதிர் சுடுகிற அம்மாவின் அடுப்புக்கு இரண்டடி முன்னால் போய் நின்றது.

அந்தம்மா விசிறியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஏனுங்க டிரைவரே, கதிரு வேணும்னா எறங்கி வந்து கேக்கக் கூடாதுங்களா?"

அவர் ஜீப்பை மெதுவாகப் பட்டறைக்குத் திருப்பினார். மூடுபனியில் எதிரே ஒரு பஸ் வந்து, மகளை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு மிதித்திருந்தால் வண்டி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

சக்கரங்களைக் கழற்றினேன். அண்ணன் சொன்னது பொய்யில்லை, லைனிங் தேயவே இல்லை. ஆனால் வலப்பக்கம் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள் செம்மண் பூசிய மாதிரித் துரு. லைனிங்கைத் தள்ளுகிற பிஸ்டன் இருந்த இடத்திலேயே இறுகிப் போயிருந்தது. லைனிங் உரசி உரசித்தான் டிரம் பளபளப்பாக இருக்கும். சும்மா விட்டால் ஈரம் குடியேறிவிடும். இப்போது வருகிற மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் வேலையில்லாமல் துருப்பிடிக்கிறது என்று பேப்பரில் படித்தேன். படித்ததும் எனக்கு அந்த ஜீப்தான் ஞாபகம் வந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிஸ்டனையும் ரப்பரையும் மாற்றினேன். அடுத்தது பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுகிற வேலை. அதற்கு ஒருவர் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நான் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, "மிதிங்க... புடிங்க... விடுங்க" என்று கத்த, அவர் வேர்க்க விறுவிறுக்க மிதித்தார். நாலு சக்கரத்துக்கும் மிதித்தார்.

பாதி வேலையில் மகள் வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்து, இடுப்பில் கையூன்றி, வேடிக்கை பார்த்தாள். "ஏனுங்கப்பா, நாலு வருசத்து மிதியையும் இன்னிக்கே மிதிச்சுப் போடுவீங்களாட்ட இருக்குது?"

"நீ சிரிக்காத கண்ணு, வயிறு குலுங்கும்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேலை முடிந்தது. மகள் ஏறப் போனாள். "இரு சாமி" என்று அவளைத் தடுத்துவிட்டு, அவர் மட்டும் ஏறினார். பட்டறைக்குக் கீழே இருந்த சரிவில் இறங்கி ஓங்கி மிதித்தார். ஜீப் நேராக நின்றது. ஏறி வந்து மறுபடி இறங்கினார். அப்புறம் இன்னொரு தடவை.

"போதுங்கண்ணே, எனக்கே வெக்கமா இருக்குது" என்றேன்.

அவர் இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து முன்சீட்டில் போட்டு, மகளைக் கைகொடுத்து ஏற்றினார். முதல் வளைவு வருவதற்கு வெகு முன்பே, ரோட்டில் ஒரு ஈ காக்காய்கூட இல்லாத இடத்தில், பிரேக்கை மிதித்தார். அந்த ஜீப்பின் பின்னால் சிவப்புப் பிரேக் விளக்கு எரிந்து நான் பார்த்தது அன்றுதான்.