குண்டனுக்காக வால் கட்டிய கதை

டெக்சாஸில் ஒரு விலங்குப் பூங்காவில் கூண்டு கழுவுவது என் வேலை. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் பாஸாகாதவன் நான். என் மனைவி இர்விங்கில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் டீம் லீட். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஜூல இருக்கார்" என்பாள். கூண்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

1. குண்டன்

லீமர் என்பது குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். வால் முழுக்கக் கறுப்பு வெள்ளை வளையம். கூட்டமாகப் போகும்போது வாலைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டுதான் நடக்கும்.

குண்டன் எங்கள் பூங்காவில் பிறந்த லீமர் குட்டி. அம்மாவுக்குப் பால் இல்லாததால் அவனுக்கு நாங்கள்தான் புட்டிப்பால் கொடுத்தோம். நன்றாகவே வளர்ந்தான். ஆனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து மற்ற குட்டிகள் வாலை ஆட்டி விளையாடக் கூப்பிட்டால், என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

எங்கள் டாக்டர் கவிதா, கோயம்புத்தூர்க்காரர். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணா, இவனுக்கு விளையாடவே தெரியலீங்க. சண்டைக்கு வர்றாங்கன்னு பயப்படறான்."

"இப்படியே இருந்தா?"

"கூட்டத்துல விட முடியாதுங்க. ஆயுசுக்கும் தனிக் கூண்டுதான். ஒருத்தன் வாலை ஒருத்தன் இழுத்து, கடிச்சு, கடி வாங்கித்தான் குட்டிங்க எல்லாத்தையும் கத்துக்கும். நம்மகிட்ட ஏதுங்க வால்?"

"எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்னு வீட்ல தினமும் சொல்றாங்க டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டையே பார்த்தார்.

"அதைப் பின்னாடி சொருகுங்க."

2. வால்

சொருகினேன். தரையில் தவழ்ந்தேன். குண்டன் மூலையில் உட்கார்ந்து, எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்தான். சில நாள் கழித்துத் துண்டைத் தொட்டான். பிறகு இழுத்தான். பிறகு என் தொடையைக் கடித்தான்.

"பலமா கடிச்சா ஆட்டத்தை நிறுத்திருங்கண்ணா. அப்பத்தான் அளவு தெரியும்" என்றார் டாக்டர். அளவு தெரிவதற்குள் என்னால் சரியாக உட்கார முடியவில்லை.

ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே ஒரு தமிழ்க் குடும்பம். பையன் கேட்டான், "மாம், இஸ் ஹி ஓகே?"

"கண்ணா, அங்கிள் வேலை பாக்கறார்டா" என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், "ஏங்க, வேலைதானே?"

"ஆமாங்க. ஓவர்டைம்."

3. அந்த நாள்

குண்டனைக் கூட்டத்துக்குள் விட்டோம். ஒரு பெண் குட்டி வந்து அவன் முன்னால் வாலை ஆட்டியது. இவன் முறைத்துப் பார்த்தான். திடீரென்று அந்த வாலைப் பிடித்து ஒரே இழுப்பு.

மேலே கிளையில் அதன் அம்மா எழுந்து நின்றது. லீமர் கூட்டத்தில் பொம்பளைங்க ராஜ்ஜியம்தான், எங்கள் வீட்டைப் போல. அது இறங்கிவந்தால் குண்டன் தொலைந்தான்.

பெண் குட்டி திரும்பியது. அவன் காதைக் கவ்வியது. இவனும் கவ்வினான், வலிக்காமல். இரண்டும் கட்டிப் புரண்டன. அம்மா மறுபடியும் உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் நகர்ந்தபோது எல்லா வாலும் மேலே நின்றன. நடுவில் ஒன்று மட்டும் கோணலாக ஆடியது. வலைக்கு வெளியே நின்று துண்டை ஆட்டினேன்.

"டேய் குண்டா!"

திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய்விட்டான்.

"அண்ணா, அழறீங்களா?"

"இல்ல டாக்டர். கூண்டு நாத்தம், கண்ணு எரியுது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டி ஓடி வந்து மடியில் ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் கூப்பிட்டும் அது வராத அன்றுதான் நீங்கள் பாஸ். நான் பாஸானது அந்த ஒரு பரீட்சைதான்.