நாயக் வீட்டுக்கு ஒரு டிக்கெட்

மாமாவின் நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் போன் செய்தால் ஒழுங்காக ஹலோ சொல்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. அன்றைக்கும் எடுத்தவுடன், "சொல்லு நாயக்கு, எல்லையில எல்லாம் அமைதியா கீது" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அக்காவின் குரல்தான் வந்தது.

"அஞ்சல, மாமா போயிட்டாருடி. டீ குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு."

கையில் பிடுங்கிய செடி இருந்தது. அதில் ஒட்டியிருந்த மண்ணை உதறக்கூட எனக்குத் தோன்றவில்லை. என்னோடு வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "மிலிட்டரி மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் வேலையை விட்டுக் கரையேறினார்கள்.

ஏழுமலை மாமா என் அக்கா மல்லிகாவின் வீட்டுக்காரர். ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து முதன்முதலில் ராணுவத்துக்குப் போனவர் அவர். நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். அவருடைய முப்பதாம் நாளுக்கு முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். அவரோடு ஒன்றாக வேலை செய்த திண்டிவனம் சவரிமுத்து அண்ணன், "அவர ரொம்ப கிண்டல் பண்ணது நீதாம்மா, நீயே எழுது" என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் அக்கா மகன் பிரபுவைக் கேளுங்கள். அவன்தான் சரிபார்த்தான்.

மாமா லீவில் வரும்போதெல்லாம் ஊரே அவரிடம் கேள்வி கேட்கும். அவரே சொல்வார்: "எத்தினி கேள்வி கேட்டாலும் ரெண்டுதான் அஞ்சல. எத்தினி பேர சுட்ட, எத்தினி பாட்டில் கொண்டாந்த." ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எதிரே உட்கார்ந்த ஒருவர் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார். மாமா நிதானமாக, "மொதல்ல சாம்பாரு வாங்கிக்கோங்க, ரத்தம் அப்பறம் ஊத்தறேன்" என்றார். அந்த மனிதர் அன்றைக்குச் சாம்பாரே வாங்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் எல்லோரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். நான் கிண்டலாக இல்லாமல் கேட்டதால் அவரும் கிண்டல் இல்லாமல் சொன்னார். "பனிமலையில என்கூட பத்துப் பேரு இருந்தாங்க. அந்தப் பத்துப் பேரையும் நடக்க வெச்சி கீழ கொண்டாந்துட்டேன். கேக்கறவங்க எத்தினி பேரு போனாங்கன்னுதான் கேக்கறாங்க. எத்தினி பேரு வந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க."

பதவி வரிசையை எனக்குப் புரியவைத்ததும் அன்றைக்குத்தான். லான்ஸ் நாயக்குக்குக் கையில் ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. அதற்கு மேலே சுபேதார்கள், அதற்கும் மேலே லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று அதிகாரிகள். எனக்குத் தலை சுற்றியது.

"மாமா, சுபேதார் மேஜர் பெரியவரா, வெறும் மேஜர் பெரியவரா?"

"வெறும் மேஜருதான் பெரியவரு. ஆனா அவரு எதையும் சுபேதார் மேஜர ஒரு வார்த்த கேட்டுக்கினுதான் செய்வாரு."

"எங்க அக்கா என்ன ரேங்க்கு?"

"உங்க அக்காவ கேட்டுக்கினு சொல்றேன்."

பிறகு அவரே விளக்கினார். "நெலத்துக்காரரு வரப்புல நின்னுக்கினு சொல்றாரு இல்ல, அவரு ஆபீசர். ஆள் கூப்புட்ற மேஸ்திரி சுபேதார். நீ பத்துப் பொம்பளைங்கள இட்டுக்கினு மொத ஆளா சேத்துல எறங்கற பாரு, நீதான் நாயக். பாம்பு இருந்தா மொதல்ல உன் காலதான் கடிக்கும்."

"நல்ல பதவியா பாத்து குடுத்த மாமா" என்றேன். "உனக்கு ஒன்னு ஆனா பின்னால இருக்கறவ முன்னால வந்துரணும். யாரையும் கேட்டுக்கினு நிக்கக் கூடாது. அவ்ளோதான் ராணுவம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் கொல்லை வேலைக் கூட்டத்தில் என் பெயர் நாயக்கு.

அந்தப் பெயரைச் சும்மா விட்டேனா என்றால் இல்லை. "மாமா, நீ நாயக்கா, நாய்க்கா" என்று கேட்டேன். "ரெண்டுக்கும் காவல் வேலதான்" என்றார் அவர். அவரை மடக்குவது அவ்வளவு சுலபமில்லை.

ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டு வாசலில் பெயர்ப் பலகை மாட்ட ஆசைப்பட்டார். திண்டிவனத்தில் எழுதச் சொல்லி, தாளில் சுற்றி வாங்கி வந்து, தெருவில் எல்லோரும் பார்க்கத்தான் பிரித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலை எனக்கு வந்தது. "நா... ய... க்... க... ர்" என்று உரக்கப் படித்து முடித்தேன். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அது ஊர்க்காரர்களின் சாதிப் பட்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலனி வீட்டு வாசலில் அது தொங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. மாமா மட்டும்தான் சிரித்தார். "பலகை எழுதறவன் கிட்ட நாயக்னு எழுதிக் குடுத்தேன். ‘சார், கர் விட்டுப்போயிருந்திச்சி, நானே சேத்துட்டேன்’னு சொன்னான். எதச் சொல்றான்னு புரியாம நானும் தலைய ஆட்டிட்டேன். ஒரே நாள்ல எனக்கு இவ்ளோ பெரிய ப்ரமோஷன் குடுத்துட்டான் பாரு."

மறுநாளே கொண்டுபோய்த் திருத்தி வாங்கி வந்து மாட்டினார். ‘நாயக் மு. ஏழுமலை.’ ஆனால் அதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. சாயங்காலம் நாலு பெரியவர்கள் வந்தார்கள். மாமா நாற்காலி எடுத்துப் போட்டார். அவர்கள் உட்காரவில்லை.

"ஏம்பா ஏழுமல, இது என்னா புதுப் பழக்கம்" என்று மூத்தவர் கேட்டார்.

"இது ராணுவத்துல குடுத்த பதவிங்க. ரெண்டு பட்டை. சாதி இல்லங்க."

"படிக்கறவன் அதையெல்லாம் பாப்பானா? மிலிட்டரி ஏழுமலன்னு போட்டுக்கோ. யாரு வேணாங்கறா?"

"‘கர்’ தப்புங்க. அத எடுத்துட்டேன்."

"‘கர்’ போனா பத்தாது. ‘க்’கும் போவணும்."

மாமா பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அதே மரியாதையோடு, "‘க்’க எடுத்துட்டா மீதி என்னா நிக்கும்னு நீங்களே கொஞ்சம் படிச்சிப் பாருங்க" என்றார்.

நால்வரும் படித்தார்கள். ‘நாய’ என்றுதான் நின்றது. அவர்களில் இளையவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவர் அவரை முறைத்தார். எனக்கு முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர்கள் போய்விட்டார்கள்.

சிரித்தோம் என்பதற்காக அது சிரிப்பான காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் காலையில் பலகை சாக்கடையில் கிடந்தது. மாமா எடுத்துக் கழுவி, துடைத்து, அதே ஆணியில் மாட்டினார். இன்னொரு நாள் அதன்மேல் தார் பூசியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடியும் மாட்டினார். பிரபு அப்போது ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அக்காவுக்கு அந்தக் கவலை. "மூணு எழுத்துக்காக எனக்குத் தெனமும் பேஜாரு. வேற எதுனா எழுதித் தொலையேன்" என்று அழுதாள். நானும், "உனக்குப் பயமே கெடையாதா மாமா" என்று கேட்டேன்.

"பயம் இல்லாதவன காவலுக்குப் போட்டா தூங்கிடுவான். பயம் இருக்கறவன்தான் முழிச்சிக்கினு இருப்பான்" என்றார். "பயம் முழிச்சிக்கினு இருக்கறதுக்கு அஞ்சல. எடத்த மாத்திக்கினு போறதுக்கு இல்ல."

அதற்குப் பிறகு பலகைக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். பேப்பர் படிப்பார். போகிறவர் வருகிறவருக்கு வணக்கம் சொல்வார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிரபுவைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிப் போய் அவரே கூட்டி வந்தார். பலகையைத் தொட்டவர்களுக்கு மெல்ல மெல்ல அலுப்பு வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் அந்தச் சண்டையை முடித்து வைத்தது மினி பஸ். திண்டிவனத்திலிருந்து எங்கள் தெரு முனைவரை பஸ் விட்டார்கள். நிற்கிற இடத்துக்குப் பெயர் வேண்டும். கண்டக்டர் வெளியூர்ப் பையன். தெருவில் அவன் கண்ணுக்குப் பட்ட பலகை மாமாவுடையது ஒன்றுதான். "நாயக் வூடு எறங்கு" என்று அவன் பாட்டுக்குக் கூவ ஆரம்பித்துவிட்டான். எங்கள் நிறுத்தத்தில்தான் ஊர்க்காரர்களும் இறங்கி உள்ளே நடக்க வேண்டும்.

அன்றைக்கு வந்து நின்ற மூத்தவர் ஒரு நாள் நான் இருந்த பஸ்ஸிலேயே ஏறினார்.

"காலனி முனை ஒன்னு குடுப்பா."

"அப்பிடி ஒரு ஸ்டாப்பு இல்ல பெரியவரே."

"அட, மிலிட்டரிக்காரன் வூட்டாண்ட நிக்குமே."

"அதுக்கு இன்னா பேரு? பேரச் சொன்னாதான கிழிக்க முடியும்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள். "நாயக் வூடு ஒன்னு" என்றார் மெதுவாக. "சத்தமா சொல்லுங்க பெரியவரே, இஞ்சின் சத்தத்துல கேக்கல" என்று பின் சீட்டிலிருந்து சொன்னது நான்தான் என்பதை இங்கே பெருமையோடு எழுதிக்கொள்கிறேன். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பாவம், வயசானவரு. எறங்கறப்ப கையப் புடிச்சி எறக்குனியா?" என்று கேட்டார். எறக்கினேன் மாமா.

அவரைக் கிடத்தியிருந்த அன்று சவரிமுத்து அண்ணனும் மற்ற படைவீரர்களும் தொப்பியும் பதக்கங்களுமாக வந்து வரிசையாக நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தார்கள். அப்போது அண்ணன் ராணுவ வழக்கப்படி வணக்கம் சொன்னார்: "ஹவில்தார் சாப், ராம் ராம்."

பிரபு நிமிர்ந்தான். "அப்பா நாயக்தான அங்கிள்?"

"நாயக்காதான் வெளிய வந்தாரு. வந்த அப்பறம் கௌரவ ஹவில்தாருன்னு குடுத்தாங்க. மூணு பட்டை. உங்க கிட்ட சொல்லலியா?"

எங்கள் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது. பலகை சாக்கடையில் கிடந்த காலத்திலேயே அவர் ஹவில்தார். அந்தப் பெயரை எழுதியிருந்தால் சாதிப் பேச்சுக்கே இடமில்லை. சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். பதவியும் ஒரு படி பெரியது. பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ சமாதிக் கல்லுல ஹவில்தாருன்னே போட்டுடலாம் சித்தி. பெரிய பதவி. இனிமே யாரும் ஒன்னும் பேச முடியாது" என்றான். பையன் தன் அப்பாவுக்குப் பெரியதைத்தானே தர நினைப்பான். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

சவரிமுத்து அண்ணன் பிரபுவின் தோளில் கை வைத்தார். "நானும் இதத்தான் அவரு கிட்ட கேட்டேன்பா. ‘ஹவில்தாருன்னு மாட்டிக்கினு நிம்மதியா இருங்களேன்’னேன். அவரு சொன்னாரு, ‘நாய் தொரத்துனா மரத்து மேல ஏறிக்கலாம் சவரி. ஆனா அத ப்ரமோஷன்னு சொல்லிக்கக் கூடாது.’"

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிரபு, "நாயக்னே போடுவோம் சித்தி" என்றான்.

கல்லுக்குச் சொல்ல நானும் பிரபுவும் திண்டிவனம் போனோம். பெயரை எழுதிக்கொண்ட ஆள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அம்மா, ‘கர்’ விட்டுப்போச்சா?" நல்ல மனசோடுதான் கேட்டார். மாமா பக்கத்தில் நின்று சிரிப்பது போலவே இருந்தது. "விட்டுப்போவலப்பா. அது அங்கயே முடியுது" என்றேன்.

மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், பலகை அக்கா வீட்டில் அதே ஆணியில் இருக்கிறது, பதக்கங்கள் பிரபுவிடம் இருக்கின்றன. எனக்கு அவர் கொடுத்த கொல்லை வேலை நாயக் பதவி இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு ஒன்று ஆனால், பின்னால் இருக்கிறவர் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் முன்னால் வந்துவிட வேண்டும் என்பதும் இருக்கிறது. அன்றைக்குத் திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் கூட்டம். "நாயக் வூடு ரெண்டு" என்று பின் சீட்டிலிருந்து சத்தமாகக் கேட்டேன்.

கண்டக்டர் பையன் முகம் வாடிப்போய், "நாயக்குதான் போயிட்டாரேக்கா" என்றான்.

"இன்னொரு நாயக்கு பஸ்ஸுல வருது தம்பி. டிக்கெட்ட கிழி."