முனியாண்டி அண்ணன் வண்டி ஏன் கவிழ்ந்தது

"அந்தப் பொண்ணு சாமான் எடுத்துக் குடுக்கத்தான் இருக்கு லா. வண்டியப் பத்தி அதுகிட்ட ஒண்ணும் கேக்காதே."

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டே ஒருவர் தன் நண்பரிடம் சொன்னது இது. கதவுக்குப் பின்னால் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. ரிமோட்டில் ஓடும் குட்டிப் பந்தய டிரக்குகளைச் சரிசெய்து விற்கும் தொழிலில் பாதி வேலை கைக்கு, பாதி வேலை வாய்க்கு. எனக்கு முதல் பாதிதான் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரி முடித்து வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களில் அங்கே நின்றேன். தெரிந்தும் வாய் திறக்காமல் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எண்ணெய்

பங்சாரில் இருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். வண்டி வெயிலில் நன்றாக ஓடுகிறதாம். ஏர்கான் அறையில் வைத்தால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறதாம். முதலாளி குணா ஸ்பிரிங்குகளை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. துடைக்கக் கொடுத்தபோது எனக்குத் தலை சீவும் நேரத்து வாசனை அடித்தது. சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரில் அதற்கென்று விற்கும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். இவர் ஊற்றியிருந்தது தேங்காய் எண்ணெய். குளிரில் உறைந்துவிட்டது. நான் விரலில் தொட்டு முதலாளியிடம் நீட்டினேன்; அவர் மோந்து பார்த்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"எண்ணெய்னா எண்ணெய்தானே பாஸ்? வீட்டுல அதான் இருந்துச்சு."

அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் யாரும் பார்க்காதபோது உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கி, நிதானமாக எழ வேண்டும். எழுகிற விதத்திலேயே வண்டியின் குணம் தெரிந்துவிடும்.

ஈயம்

முனியாண்டி அண்ணன் பண்டமாரானில் இருந்து வருவார். துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுபவர். மூன்று மாதமாகக் கிள்ளான் திடலில் ஒரு பந்தயத்தைக்கூட அவர் முடித்ததில்லை. மேடு பள்ளமான செம்மண் வளைவில் வண்டி குதித்துக் கவிழ்ந்துவிடும். கூட வேலை செய்பவர்கள் அவரையே "கவுந்தான்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் கண்டுபிடித்த வைத்தியம், பின்பக்கம் உயரத்தில் ஈயக்கட்டிகளை ஒட்டுவது. "காலி லோரிதான் பாஸ் குதிக்கும். லோடு ஏத்துனா அடங்கிரும்." முதலாளியும் தலையாட்டி, பாரம் தாங்க ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினார். நான் அழுத்திப் பார்த்தேன். கல்லை அழுத்துவதுபோல் இருந்தது. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. சொல்ல வாயெடுத்தேன். முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெட்டி எடுக்கப் போனேன்.

போகும்போது அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "இந்த ஞாயித்துக்கிழமையும் கவுந்துச்சுன்னா வித்துருவேன் பாஸ். போதும்."

சீட்டு

அவர் பெட்டியைக் கட்டித்தரும் வேலை என்னுடையது. ஒரு காகிதத்தில் எழுதி, வண்டிக்கு அடியில் வைத்தேன். "ஈயத்தை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கைப் பழையபடி தளர்த்துங்கள். அப்சார்பரில் இருப்பதைக் கொட்டிவிட்டு, கூட வைத்திருக்கும் லேசான எண்ணெயை ஊற்றுங்கள். வண்டியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்." பெயர் போடத் துணிவில்லை. அந்த எண்ணெய்ப் புட்டிக்கு என் பையில் இருந்து பணம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுத் துணி துவைத்துக்கொண்டே, கவிழ்ந்தால் அந்தச் சீட்டுக்கு யார் பொறுப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அண்ணன் வந்துவிட்டார். சட்டைப்பையில் இருந்து சீட்டை எடுத்து முதலாளி முன்னால் விரித்தார்.

"பாஸ், நீங்க எழுதி வச்ச மாதிரியே செஞ்சேன். அந்த வளைவுல பூனை மாதிரி போச்சு! ஏழாவதா வந்தேன். எட்டுப் பேர்லதான், பரவால்ல லா, முடிச்சேன்ல? இனிமே எவனாச்சும் கவுந்தான்னு கூப்பிடட்டும் பார்க்கிறேன்."

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கிய டயர்களைத் திரும்ப அடுக்கினேன். கடையில் இருக்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் பெயர் எழுதியது நான்தான். முதலாளிக்குக் கையெழுத்தை அடையாளம் காண வெகுநேரம் ஆகவில்லை.

"இது நான் எழுதல, அண்ணே," என்றார்.

மறுநாள்

செவ்வாய்க்கிழமை முதலாளி தாமதமாக வந்தார். வீட்டில் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும், வேறு யாரும் தொடக்கூடாத தன் சொந்தப் பந்தய வண்டியைக் கொண்டுவந்து, ஒரு ஸ்குரூடிரைவரோடு என் முன்னால் வைத்தார். பிறகு எதிர்க்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனார்.