செலவு என்றொரு நாய்க்குட்டி

பேருந்துப் பணிமனையில் வசூல் பணம் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை நடத்துநர்கள் சில்லறை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த நோட்டை நடுவில் செருகிக் கொடுத்தால் அதை மட்டும் உருவி வெளியே நீட்டிவிடுவாள். ஒரு காசு குறைந்தாலும் கையெழுத்து விழாது. அதற்காக முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்கிறவளும் இல்லை. "திரும்ப எண்ணுப்பா, நான் எங்கயும் போகல" என்பாள். எண்ணுகிறவரே தன் தவறைக் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள்.

அதே பணிமனையில் என்ஜின் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்காக இருந்தவர்தான் அவள் கணவர். கல்யாணத்துக்கு முன்பு அவளிடம் பேச்சுக் கொடுப்பதற்காகவே தினமும் ஒரு பெரிய நோட்டோடு வந்து சில்லறை கேட்டு நின்றவர். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தபோது, துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவருடைய கடைசித் தங்கை. வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் குட்டி என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. முப்பத்தெட்டு வயதாகியும் குட்டிதான்.

அண்ணன் பிழைக்கவில்லை. வந்த உறவெல்லாம் திரும்பிப் போன பிறகும் குட்டி கிளம்பவில்லை. எப்போது கிளம்புகிறாய் என்று அண்ணியும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கடையில் ஆல்டரேஷன் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்று வாடகையில் பாதியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள் குட்டி. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒருவர் தூங்கினால் மற்றவர் கால் சத்தம் கேட்காமல் நடப்பார். கடைசித் துண்டு ரொட்டியை இருவருமே எடுக்காமல் அது காய்ந்து போகும். ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருப்பதுபோல நான்கு வருடம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது குட்டி, நாய்க்குட்டி ஒன்று வளர்க்கலாமா என்று கேட்டாள். தையல் கடைக்கு எதிரே, தெருவில் கிடக்கும் பிராணிகளைக் கொண்டுவந்து வளர்க்கும் காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பழுப்பு நிறக் குட்டி, மதியம் அவள் சாப்பிடும் நேரம் பார்த்துக் கம்பி ஓரம் வந்து உட்காருகிறதாம். இலவசமாகவே தருகிறார்களாம். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்பதுபோல ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

அண்ணிக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. நான்கு வருடத்தில் இந்தப் பெண் தனக்கென்று ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை என்பதும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. "எவ்வளவு ஆகும்னு விசாரிக்கிறேன். அடுத்த ஞாயிறு பேசலாம்" என்றாள்.

விசாரிப்பது என்று இறங்கிவிட்டால் அவள் லேசில் விடமாட்டாள். வீட்டில் இரண்டு நாய் வைத்திருக்கும் ஓட்டுநர் ஒருவரை உணவு இடைவேளையில் பிடித்துக்கொண்டாள். மிச்சம் மீதியைப் போட்டாலே வளர்ந்துவிடும் அக்கா, என்ன பெரிய செலவு என்றார் அவர். ஊசி போட்டீங்களா என்று கேட்டதும், அதற்குத் தனியாக ஆகும் என்றார். பூச்சி மருந்து? அது ஒரு செலவு. உண்ணி வந்தால்? அது இன்னொரு செலவு. வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? ஓட்டுநர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "அக்கா, இதையெல்லாம் முன்னாடியே யோசிச்சிருந்தா நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் போனாள். நாய் இல்லாமல் நாய்ச் செலவு கேட்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் சிரித்தார். ஆனால் உட்காரவைத்து விவரமாகவே சொன்னார். முதல் வருடம்தான் கையைக் கடிக்கும். வரிசையாகத் தடுப்பூசி, பெட்டையாக இருந்தால் கருத்தடை ஆபரேஷன், கழுத்துப் பட்டை, சங்கிலி, கடித்துக் குதறப்போகும் செருப்புகள். அதன் பிறகு சாப்பாடும் வருடாந்திர ஊசியும்தான். "இலவசமா வர்ற நாய்க்கும் வயிறு இருக்கும்மா" என்றார். எதிர்பாராத வைத்தியத்துக்கு மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொன்னார். திரும்பும் வழியில் செல்லப் பிராணிக் கடையில் நாய்ப் படுக்கை ஒன்றின் விலைச்சீட்டை அவள் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். அவள் மெத்தையைவிட அது விலை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணி சம்பள நாளில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள். முதல் வருடத்துக்கு இரண்டு மாத வாடகையளவு ஆகும். பிறகு மாதச் செலவு, இருவர் சம்பளத்திலும் வாரம் ஒரு நாள் வெளியே சாப்பிடுவதை விட்டால் சமாளிக்கக்கூடியதுதான். நாய்ப் படுக்கையைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம்.

"நாய் பன்னெண்டு, பதினாலு வருஷம் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் பதினாலுன்னே வெச்சுக்கிட்டேன். கடைசில உனக்கு அம்பத்திரண்டு, எனக்கு அறுபத்தஞ்சு. நடுவுல நான் ரிடையர் ஆயிடுவேன். அப்ப உன் பங்கு கொஞ்சம் கூடும். பரவாயில்லையா?"

குட்டி மேஜை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தொகையைப் பார்த்துப் பயந்துவிட்டாளோ என்று அண்ணி நினைத்தாள். இன்னும் குறைக்கலாம் என்று சொல்லப் போனபோது குட்டி மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஊர்லேர்ந்து பெரியண்ணன் ரெண்டு மாசமா கூப்பிட்டுட்டே இருக்காரு, அண்ணி. அங்கயே வந்துடு, இன்னும் எத்தனை நாளைக்கு அவங்களுக்குப் பாரமா இருப்பன்னு கேட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடலாம்னு பையைக்கூட எடுத்து வெச்சேன்."

"நான் என்ன சொல்வேன்னு நினைச்ச?"

"தெரியல. அதான் கேட்கல."

பதினான்கு வருடக் கணக்கை அண்ணி இதையெல்லாம் யோசிக்காமலேதான் போட்டிருந்தாள். ஒவ்வொரு வருடத்திலும் இரண்டு பங்கு, இரண்டு பேர், இந்த மேஜை. அப்படியல்லாமல் வேறு மாதிரி ஒரு கணக்கு அவள் மனதில் எழவே இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல், "நீ போயிட்டா நான் போட்ட கணக்கு நிக்காது" என்றாள். சொன்ன பிறகு அது போதாது என்று அவளுக்கே பட்டது. "எனக்கும் இங்க இருப்புக் கொள்ளாது, குட்டி."

குட்டி எழுந்து அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை. அண்ணி அவளை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் குட்டி பெரியண்ணனிடம் வரவில்லை என்று சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் பழுப்பு நாய்க்குட்டி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டே படியேறி வந்தது. படுக்கைக்கு என்ன செய்வது என்று அண்ணி யோசித்துக்கொண்டிருக்க, குட்டி அலமாரியைத் திறந்து அண்ணனுடைய பழைய கம்பளிக் கோட்டை எடுத்துவந்தாள். நான்கு வருடமாக இருவரும் தொடாமல் வைத்திருந்த கோட்டு. எடுத்தவள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி அதன் பைகளைத் துழாவி, ஒரு பேருந்துச் சீட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "கோட்டுக் கையை மட்டும் வெட்டிடு, குட்டி சிக்கிக்கப் போகுது" என்றாள்.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. குட்டி என்று கூப்பிட்டால் நாத்தனாரும் நாய்க்குட்டியும் சேர்ந்தே திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் நாய்க்குட்டி அண்ணியின் வேலைக்குப் போகும் செருப்பில் ஒன்றைப் பஞ்சு பஞ்சாக்கிய அன்று, "வாம்மா செலவு, வா" என்று அவள் நொந்துபோய்க் கூப்பிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாடியில் இருப்பவர்கள், உங்க செலவு கைமீறி ஓடுது, பிடிங்க என்று படிக்கட்டில் நின்று சிரிப்பார்கள்.

மூன்றாவது மாதம் செலவு சாப்பிடுவதை நிறுத்தியது. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் குடலில் வட்டமாக ஏதோ அடைத்திருக்கிறது என்றார். குட்டிக்கு உடனே புரிந்துவிட்டது. கோட்டுப் பித்தான். கடையிலிருந்து வீட்டுக்குத் தைக்கக் கொண்டுவந்த கோட்டின் பித்தான் ஒன்று உருண்டு போனதைத் தேடிக் கிடைக்காமல் விட்டிருந்தாள்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுவதும் இருவரும் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து கதவு திறப்பதற்குக் காத்திருந்தது அவர்களுக்குப் புதிதல்ல. முன்பு, அண்ணனுக்காகக் காத்திருந்தபோது, இருவருக்கும் நடுவில் ஒரு பை இருந்தது. இப்போது இல்லை.

"என்னாலதான், அண்ணி. நான் இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருக்கணும்."

"எவ்வளவு தேடினாலும் அதுக்குத்தான் முதல்ல கிடைச்சிருக்கும். தரையோட தரையா நடக்கற ஜீவன்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் அண்ணி. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். நான்கு வருடத்தில் அந்தக் கையைப் பிடித்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நாய்க்குட்டி பிழைத்துக்கொண்டது என்று மருத்துவர் வந்து சொன்னார். பில், ஒதுக்கி வைத்ததைப்போல மூன்று மடங்கு. அண்ணி தன் கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுவதற்காக எடுத்து வைத்திருந்த பணத்தையும் கொண்டுவந்திருந்தாள். பில்லில் எந்த வரிக்கும் விளக்கம் கேட்காமல் கட்டினாள். பாதித் தெரு தாண்டிய பிறகு குட்டி நின்றாள்.

"அண்ணி, பாக்கி வாங்கலையே?"

அண்ணியும் நின்றாள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை. தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போகும் அளவுக்குச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி திரும்பிப் போய்ப் பாக்கியை வாங்கி வந்தாள். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

அதன் பிறகு பல மாதங்கள் அவள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். செலவோ இரண்டு பக்கமும் மென்றது. கால்கள் நீண்டு, மார்பு அகன்று, போட்ட கணக்கைப்போல ஒன்றரை மடங்கு சாப்பிடுகிற நாயாக அது வளர்ந்தது. பெரியண்ணன் அடுத்த வருடம் ஒரு தடவை வந்தார். முறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். செலவு அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டதால் எழுந்து கிளம்பவும் முடியாமல் சாயங்காலம் வரை இருந்து, ரொட்டியும் டீயும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குட்டிக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. பேருந்தும் வரவில்லை. நனைந்துபோய்த் தெருமுனை திரும்பியபோது, வாசல் விளக்கின் கீழே அண்ணி ஒரு குடையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் செலவு.

"இது கதவைப் பிறாண்டிட்டே இருந்துச்சு. அதான் வந்தேன்" என்றாள் அண்ணி.

நாயின் முதுகு காய்ந்திருந்தது. அண்ணியின் புடவைதான் முழங்கால் வரை நனைந்திருந்தது. தெருமுனைக்கும் வாசலுக்கும் அவள் எத்தனை தடவை நடந்திருப்பாளோ. குட்டி அதைப் பார்த்தாள். குனிந்து செலவின் காதைத் தடவிவிட்டு, அண்ணியின் குடைக்குள் வந்து ஒட்டி நின்றுகொண்டாள்.