அக்காவின் செக்‌ஷன்

பெரியப்பா மகள் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஹப்சிகுடாவில் ஒரே அபார்ட்மெண்டில் அவர்கள் மூன்றாவது மாடி, நாங்கள் முதல் மாடி. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. மார்க்கிலும் அவள் எனக்கு மேல்மாடியில்தான் இருந்தாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கை இரண்டு செக்‌ஷனாகப் பிரித்தார்கள். கடினமானது ஸ்டாண்டர்ட், எளிதானது பேசிக். எது வேண்டும் என்று வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். அன்று மாலை காபி குடிக்க வந்த பெரியப்பா, "எம் மவ ஸ்டாண்டர்டுதான். அவகிட்ட போயி கேக்கணுமாக்கும்?" என்றார். பக்கத்தில் அக்கா ஒரு பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் அப்பா சொன்னதே கிடையாது. சொல்வதற்குப் பதில் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா நெனைக்க?" என்று கேட்டார், அதுவும் எல்லார் முன்னாலும். என் மூளைமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று அபார்ட்மெண்ட் முழுக்கச் சொன்னதுபோல் இருந்தது.

"நானும் ஸ்டாண்டர்டு" என்றேன்.

வகுப்பில் எனக்கு அக்காவுக்குப் பின்னால் இருந்த பெஞ்சு கிடைத்தது. அவளைப் போலவே ஜெல் பேனா வாங்கினேன், அவளைப் போலவே பின்னலை மடித்துக் கட்டினேன். கணக்கு மட்டும் வரவில்லை. சார் போர்டில் கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அக்கா விடையை எழுதிவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் பூனை வரைந்துகொண்டிருப்பாள். அந்தப் பூனைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

முதல் டெஸ்ட் பேப்பரைப் பார்த்ததும் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பாதான் வந்து உட்கார்ந்தார். "மாத்திக்கணும்னா மாத்திக்கலாம். இதுலயே இருக்கணும்னா தெனமும் நான் கூட உக்காருதேன். நீ சொல்லு."

மறுபடியும் என்னையே கேட்கிறாரே என்று கோபம் வந்தது. கதவை அறைந்து சாத்தினேன். காலையில், "பேசிக்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டு, பள்ளிக்கு வந்து மாற்றிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பஸ் ஸ்டாப்பில் அக்கா சிரிக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கைக்கு மாத்துன?" ‘ஏன்’ என்பதை இந்த ஊர் உருதுவில் ‘கைக்கு’ என்றுதான் கேட்போம்.

"கஷ்டமா இருந்துச்சு. அப்பா கேட்டாரு, சொன்னேன்."

"திட்டலையா?"

"இல்ல."

"நீ சொன்னதும் மாத்திட்டாரா?"

"ஹவ்" என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். பிறகு அதையே திரும்பக் கேட்டாள், மெதுவாக. "நீ சொன்னதும் மாத்திட்டாரா?"

வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறாள் என்று பட்டது. "உன்ன மாதிரி எல்லாருக்கும் மூளை இருக்குமா?" என்றேன்.

பஸ் வந்தது. எப்போதும் சேர்ந்து உட்காருகிற நாங்கள் அன்று தனித்தனியாக உட்கார்ந்தோம். தார்நாகா சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பேசிக் எடுத்தவளின் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்கவில்லை, எவ்வளவு கர்வம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.