மரு இல்லாத கிராணி

தம்பின் ஊரில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வாய்த்த படக்காரர் ஒரு கலைஞர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கடைக்கு வருகிறவரை அவர் உடனே உட்காரச் சொல்லமாட்டார். நிலம் வாங்க வந்தவர் காட்டைப் பார்ப்பதுபோல ஆளைச் சுற்றிவந்து பார்ப்பார். எங்கெங்கே வெட்டித் திருத்த வேண்டும் என்று புரிந்ததும் பெருமூச்சு விடுவார். அதன்பிறகுதான் நாற்காலி.

"மூஞ்சி நீங்க கொண்டு வந்தது, அதுக்கு நான் பொறுப்பில்ல. படத்துக்குத்தான் பொறுப்பு" என்பது அவருடைய கொள்கை. பொறுப்பான மனிதர் என்பதால், நெகட்டிவில் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டுத் தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை எல்லாவற்றையும் அழித்துவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றாலும் செய்வார்.

சிரிக்கச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கட்டளைதான். "துரை சம்பளத்தக் கூட்டிட்டாரு. நீங்க இன்னும் நம்பல. அந்த மாதிரி மூஞ்சிய வைங்க." பால்மரம் வெட்டுகிறவர்கள் முதல் அவர்களை வேலை வாங்கும் மண்டோர் வரை புருவத்தைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, அப்படியே வைத்தார்கள்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், தோட்டத்தைச் சுற்றி வேலியும் ஆளுக்கொரு அடையாளக் கார்டும் வந்தபோது எங்கள் துரை அமர்த்தியது இவரைத்தான். அரசாங்கம் கேட்டது ஆளைக் காட்டும் படம். இவர் கொடுத்தது தோட்டத்து ஜனம் மொத்தத்துக்கும் ஒரு புதுப்பிறவி. என் மூக்குக்கு இடப்பக்கம் மிளகைவிடச் சற்றுப் பெரிய மரு ஒன்று உண்டு. கன்னங்களில் சிறுவயதில் வந்த அம்மைத் தழும்புகள். கார்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்பதால் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தேன்.

"கிராணியாரே, கோபுரம் மாதிரி முகத்துல காக்கா எச்சம் எதுக்கு?" என்றார்.

வேலிக் கேட்டில் நின்ற காவலர்களுக்கு எங்களை நேரில் தெரியும். கார்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. என் மகளின் நிச்சயதார்த்தம் வரை கலைக்கும் சட்டத்துக்கும் மோதல் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் லாபுவிலிருந்து வந்தார்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே மத்தியானமே நான் தம்பினுக்குப் போய்ப் படக்காரரை அழைத்துவந்தேன். தன் சட்டைக்குப் பொருத்தமான டையை அவர் தேடி முடிக்கும்வரை காத்திருந்து அழைத்துவந்தேன் என்று எழுதுவதே சரி. கேட்டை அடைந்தபோது ஆறு மணி ஆகப்போகிறது. ஆறுக்குமேல் யாருக்கும் திறக்கமாட்டார்கள். அன்று தட்டு மாற்றாவிட்டால், மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்க்கத் தயாராக அவருடைய சித்தப்பா ஒருவர் இருந்தார்.

கேட்டில் அன்று பார்த்துப் புதிதாக மாற்றலாகி வந்த மலாய்க்காரக் கார்ப்பரல். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது வேறு ஆள் என்று மலாயில் சொன்னார். நியாயமான மனிதர், கண் உள்ளவர். உள்ளே போய்ச் சாட்சிக்கு ஒருவரை அழைத்துவர அவரிடம் ஆள் இல்லை. லாபுக்காரர்கள் எல்லோரையும் உள்ளே விட்டிருந்தார். வீடும் மனைவியும் மகளும் உள்ளே இருக்க, நான் வெளியே நின்றேன். படக்காரரின் கார்டில் இருந்த படம் அவரைப் போலவே இருந்தது. அதை எடுத்தது வேறொருவர்.

"படம் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் மாறிட்டாரு" என்று கார்ப்பரலிடம் மலாயில் விளக்கினார் படக்காரர். பிறகு என்னை மண்மூட்டைமேல் உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தார். முகப்பவுடரைத் தண்ணீரில் குழைத்து மருவின்மேல் அப்பினார். கன்னங்களுக்கும் பூசினார்.

"நேரமாகுது ஐயா, எம் மகளுக்கு நிச்சயம்."

"அதுக்குத்தான் சொல்றேன், அசையாதீங்க லா. மூஞ்சிய வைங்க. துரை சம்பளத்தக் கூட்டிட்டாரு."

"எங்க கூட்டினாரு?"

"அதான், நம்பாதீங்க."

கார்ப்பரல் கார்டை என் காதருகே பிடித்து ஒப்பிட்டார். "சாமா" என்றார். அதாவது, ஒன்றுதான். தன் கண்ணெதிரிலேயே ஒருவனுக்கு வேஷம் போடுவதைப் பார்த்துவிட்டு, வேஷம் பொருந்தியதால் அவனை உண்மையான ஆள் என்று விட்டார். எங்களுக்குப் பின்னால் கேட் மூடியது.

வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்ததும் மரியாதையாக நகர்ந்து இடம்விட்டார். பெண் பார்க்க வந்த அன்று என்னோடு வெகுநேரம் பேசியிருந்தவர்தான். என் மனைவியிடம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, உங்க தம்பியும் வந்துட்டாரு. கேட்டயும் மூடியிருப்பாங்க. சம்பந்தி வரப்போறாரா, இல்ல நாங்க எந்திரிக்கவா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டிருந்தார்.

என் மனைவி செம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். முதலில் மரு, பிறகு கன்னங்கள்.

"அட, நீங்கதானா" என்றார் சம்பந்தி. சித்தப்பா மறுபடி உட்கார்ந்தார்.

தட்டைக் கையில் எடுத்தோம். கேமராவுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள்ளிருந்து, கிராணியார் கொஞ்சம் ஓரமாக நின்றால் படம் நன்றாக வரும் என்று குரல் வந்தது. நான் நகரவில்லை.