சாக்கடையில் பூத்த கல்வாழை

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் செல்வி. என்னோடு பள்ளியில் படித்தவள், கடற்கரை ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவள்.

போனில் ஒரு படம் காட்டினாள். வரிசை வரிசையாகச் சிவப்புக் கல்வாழைப் பூக்கள்.

"ஏட்டி, எந்த பார்க் இது?" என்றேன்.

"பார்க்கா? எங்க ஊரு சாக்கடைட்டி! கழிவுத்தண்ணி பூராம் முன்னாடி கடலுக்குப் போச்சு. இப்பம் குழாயில வந்து, ஜல்லியிலயும் இந்த வேர்லயும் வடிஞ்சு, பொறவு தென்னைக்குப் பாயுது. நாத்தமே கெடையாது."

அவள் கழுத்தில் புதுச் சங்கிலி. அதைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரியவில்லை. அந்தச் சாக்கடையைப் பார்த்துத்தான் எரிந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு நாற்றத்துக்கு நாங்கள் ஜன்னலே திறப்பதில்லை.

"எனக்கும் ஒரு கெழங்கு தாட்டி, வாசல்ல நடுதேன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். "எம்புட்டு வேணும்னாலும் தாரேன். மொதல்ல தெருத் தண்ணி பூராம் ஒரே குழாயில சேரணும்ட்டி."

எங்கள் எதிர்வீட்டுக்காரர், நாறுவது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்பார். நான் அவர் வீட்டுத் தண்ணீர் என்பேன்.

கல்வாழை எங்கள் மண்ணில் நன்றாக வரும். அவரோடு ஒரே குழாய்தான் வராது. உங்கள் தெருவில் எப்படி?